வெல்லத்தைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை

என் அன்பு நைனாவுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். நேற்று நான் வேலை பார்க்கும் பல் மருத்துவக் கல்லூரியில் கூட்டம். பல் ஆராய்ச்சியில் எந்த நாடு எங்கே நிற்கிறது என்று திரையில் போட்டார்கள். கட்டுரை எண்ணிக்கையில் நாம் முன்வரிசையாம். ஒரே கைதட்டல். அந்தக் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு எடுத்தாள்கிறார்கள் என்பது அடுத்த படம். நம்மைவிடக் குறைவாக எழுதும் குட்டி நாடுகளெல்லாம் மேலே இருந்தன, நாம் எங்கோ கீழே. அதற்குள் டீ வந்துவிட்டது.

நீ கும்மிடிப்பூண்டியில் துரு போக இரும்புக் கம்பியை அமிலத் தொட்டியில் முக்கி எடுத்தாய். புகை தொண்டையை அறுக்காமல் இருக்க கம்பெனியே ஷிப்டுக்கு ஷிப்டு வெல்லம் கொடுத்தது. அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே வேலை பார்த்தாய். முன்பற்கள் பாதியாகக் கரைந்துபோயின. என் பட்டமளிப்புப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம், நீ மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாய்.

அமிலப் புகையோடு வெல்லமும் சேர்ந்தால் பல் இன்னும் சீக்கிரம் போகுமா? கூட்டம் முடிந்ததும் அதை ஆராயத்தான் அனுமதி கேட்டேன். துறைத்தலைவர் சிரித்தார். “தொழிலாளிங்க பின்னாடி வருஷக்கணக்கா அலையப் போறியாம்மா? நம்ம ஸ்டூடண்ட்ஸுக்கு ஒரு கேள்வித்தாள் குடு. ஒரே வாரத்துல மூணு பேப்பர் தேத்திடலாம்.”

“அப்படித் தேத்தித் தேத்தித்தானே சார் கீழே நிக்கிறோம்?” என்று கேட்டேவிட்டேன். இனி எனக்குப் பதவி உயர்வு வராது. போகட்டும்.

திரும்பும் ரயிலில், உன்னோடு அதே தொட்டியில் நின்ற தேவராஜ் மாமாவைப் பார்த்தேன். இன்னும் அங்கேதான் வேலை, ராத்திரி ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கன்னத்தில் அதே வெல்லம். துப்பச் சொன்னேன்.

“இன்னாம்மா நீ, இது இல்லன்னா பொகை நெஞ்ச அடச்சிக்கும். உங்க நைனாவும் இத்த வாயில போட்டுக்கினுதான இருந்தாரு? கெடுதின்னு எங்கனா எழுதிக்கீதா? காட்டு, இப்பவே துப்பிடறேன்.”

தேடாத இடமில்லை, நைனா. இத்தனை கட்டுரை எழுதும் நாட்டில் அவரிடம் காட்ட எனக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. யாருக்காக எழுதித் தள்ளுகிறோம்?

இந்தக் கல்லூரி விடாவிட்டால் விடுகிற கல்லூரிக்குப் போவேன். ஒரே கட்டுரைதான், மூன்றாக அறுக்க மாட்டேன். வெல்லத்தால் கெடுதி இல்லை என்று வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுவேன். அச்சானதும் முதலில் தேவராஜ் மாமாவுக்குத்தான் தமிழில் படித்துக் காட்டுவேன். இது சத்தியம்.

அதுவரை அவர் வாயில் பல் இருக்குமா, நைனா?

உன் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துப் பாடம் படித்த மகள்,
சுமதி