பார்வையாளராக வரும் சம்பந்தி

மே 11
மகன் நிருஜன் கட்டப்போகிற பிள்ளை காஷாவின் தாயோடு இன்று வீடியோவில் பேசினேன். பெயர் டனூட்டா, போலந்தில் இருக்கிறா. கலியாணத்தில் தாரை வார்க்க வரச் சொன்னேன். சிரித்தபடி ஒரு சொல் சொன்னா: ஒப்செர்வாத்தொர்கா. பார்வையாளராக மட்டும் வருவாவாம்!
பெற்ற பிள்ளையின் கலியாணம் என்ன தேர்தலா, மேற்பார்வை பார்க்க?

மே 12
ராங்கிதான். வேறென்ன?

மே 17
காஷா வந்தாள். தோசையைப் போட்டுக்கொடுத்து, அந்தச் சொல்லை விசாரித்தேன். கவனமாகப் பார்ப்பவராம்: தேர்தல், பறவை, நட்சத்திரம், எதுவென்றாலும். பெண் என்றால் கடைசியில் ‘கா’ சேர்ப்பார்களாம். விபத்து நடந்த இடத்தில் சும்மா கூடி நிற்பவர்களுக்கு ‘காப்பியே’ என்று வேறு சொல். அட, எங்கட விடுப்புப் பார்க்கிற கூட்டம்! லண்டனில் எங்கள் குட்மேய்ஸ் தெருவுக்குத் தீயணைப்பு வண்டி வந்தால் நானே முதல் ஆள். வயிறு நோகச் சிரித்தோம்.
"அப்ப அம்மா மரியாதையாத்தான் சொன்னவவோ?"
"ஓம் மாமி." பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: அப்பா உயிரோடு இல்லாததால் அம்மா மேடை ஏறக்கூடாது என்று கனகாம்பிகை மாமி சொன்னாவாம்.
என்ர மச்சாள்! என்னை ஒரு வார்த்தை கேட்டவவோ?

மே 18
மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.
"தாய் இருக்கேக்க ஆர் தாரை வார்க்கிறது?"
"சனம் என்ன சொல்லும்?"
"சனம் சாப்பிட்டுட்டுப் போகட்டும்."
"என்ர மகளின்ர கலியாணத்தில நான் சமையல்கட்டுக்குள்ள எல்லோ நிண்டனான்," என்றா.
அவவின் மனுசன் செத்து அப்போது ஒரு வருடம். நானோ அந்தக் கலியாணத்தில் மேடையில்தான் நின்றேன். அவவைத் தேடவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன்.

மே 20
ஐயருக்குச் சம்மதம். வீட்டில் எங்கட இவர் டிவி சத்தத்தைக் குறைத்தார், அதுவும் சம்மதம்தான். டனூட்டா மட்டும், தன்னால் எங்கள் வீட்டில் சண்டை வேண்டாம் என்கிறா. மேடைக்கு வருவாவோ?

ஆகஸ்ட் 24
கலியாணத்தில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது, ஆனால் எழுதாமல் படுக்க ஏலாது.
ஐயர் பெண்ணின் தாயைக் கூப்பிட்டார். டனூட்டா கடைசி வரிசையில் அசையாமல் இருந்தா. நான் மேடையில் இருந்து கையைக் காட்டிக் காட்டிக் களைத்துப்போனேன். பார்த்தால் கனகாம்பிகை மச்சாள் எழும்பிப் போய், அவவின் கையைப் பிடித்துக்கொண்டு வாறா. மேடைப் படியில் டனூட்டாவை விட்டுவிட்டுத் திரும்பப் போனவவை டனூட்டா விடவில்லை.
இரண்டு பேரும் ஏறினார்கள். தாரை வார்க்கிற செம்பை இரண்டு பேரும்தான் பிடித்தார்கள்.