காலி ரயிலுக்கு ஒரு வரவேற்பு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், வீடு நலம், உன் அப்பாவுக்கு முட்டிதான் சரியில்லை, வாய் மிக நலம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், இல்லையென்றால் பொய்யாவது எழுதிப் போடு, நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

நாடு முழுக்க மூடிக்கிடந்த ரயில் பாதைகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள் அல்லவா, அதில் நம் ஊருக்கும் விடிவு வந்தது. காலையில் இங்கிருந்து ஜங்ஷனுக்குப் போய் மாலையில் திரும்புகிற ரயில். ஆனால் இப்போதைக்குச் சோதனைக்குத்தானாம், ஏற ஆளில்லை என்றால் பழையபடி நிறுத்திவிடுவார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு உன் நினைப்புதான் வந்தது. ஜங்ஷன் வரைக்கும் நீ எப்படியும் வந்துவிடுவாய், அங்கிருந்து வளைவு வளைவாக பஸ்ஸில் வந்தால் உன் குடலே வெளியே வந்துவிடும், அதைச் சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் வராமல் இருந்துவிட்டாய். சொந்தமாக பஸ் வைத்து ஓட்டுகிறவர் பெற்ற பெண்ணுக்கு பஸ் ஆகாது என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும், சிரிக்கத்தான் செய்தது.

ரயிலைக் காப்பாற்ற ஒரு பயணிகள் சங்கம் போட்டோம், தையற்கடைக்காரர் தலைவர். தெருவுக்கு ஒரு நாள் முறை, வேலை இருக்கிறதோ இல்லையோ ஏறிப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். தன் கடையிலேயே நூல் விற்கிற மனிதர் ஜங்ஷனுக்குப் போய் நூல் வாங்கி வந்தார். நான் வலிக்காத பல்லைக் காட்டப் போனேன், பல் டாக்டர் இரண்டு சொத்தையைக் கண்டுபிடித்துவிட்டார், அன்றிலிருந்து வலிக்கிறது. உன் அப்பா மட்டும் நான் ரயிலேறுகிற நாளெல்லாம் என்னோடு பேசமாட்டார். என் பொழப்பக் கெடுக்க வந்த டப்பா, செத்தாலும் அதுல கால் வைக்க மாட்டேன் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சபதம் வேறு. சாலையும் தண்டவாளமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இடம் வந்தால் போதும், ஹாரனை அடித்துக்கொண்டு ரயிலோடு பந்தயம் விடுவார், பஸ்ஸில் இருக்கிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

போன மாதம் பெரிய அதிகாரி ஒருவர் மாலை ரயிலில் வந்து பார்க்கப்போகிறார் என்று தகவல் வந்தது. தலைவர் தெருத்தெருவாகப் போய் ஒருத்தர் விடாமல் ஸ்டேஷனுக்கு வந்து வரவேற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூட பேண்டு, ரயிலே எங்கள் உயிர் என்று எழுதின பேனர், நான் புதுச்சேலை. அன்றைக்கு ரயிலேற வேண்டிய முறை நம் தெருவுக்குத்தான், ஆனால் போய்விட்டு வந்தால் முன்வரிசை கிடைக்காதே என்று நாங்கள் யாரும் போகவில்லை. எல்லாத் தெருக்காரர்களும் பிளாட்பாரத்தில் நிற்கிறோம், ரயில் வந்து நின்றது, பேண்டு முழங்குகிறது, பெட்டி பெட்டியாகப் பார்க்கிறோம், ஈ காக்கை இல்லை. அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, ஏற வேண்டியவர்கள் அத்தனை பேரும் வரவேற்க வந்து நிற்கிறோம் என்று. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுவிட்டு மாப்பிள்ளையை மறந்த கதைதான். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி இறங்கினார். அவருக்குப் பின்னால் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு இன்னொருவர் இறங்கினார், முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கின விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் பந்தயம் விட்டதில் ரேடியேட்டர் கொதித்து பஸ் ஜங்ஷனில் படுத்துவிட்டது, வீட்டுக்கு வர வேறு வழியில்லை. மொத்த ஊரும் பார்க்க, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார்.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். ரயில்ல வந்தது ரெண்டே பேர், ஒருத்தன் நான், ஆளே இல்லன்னு எழுதிட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன், ஆனா இவர்கிட்ட பேசினேன் என்று அப்பாவைக் காட்டினார். இந்த ரயில் வேணுமான்னு கேட்டேன், அதுக்கு இவர், நான் பஸ்காரன், எனக்கு வேணாம், ஆனா என் பொண்ணுக்கு பஸ்ல வாந்தி வரும், நானும் எவ்வளவோ மெதுவா ஓட்டிப் பாத்துட்டேன், அவ வீட்டுக்கு வரணும்னா இது ஓடணும்னு சொன்னாரு, போட்டிக்காரரே வேணும்ங்கறார், இதைவிட எனக்கு என்ன சாட்சி வேணும் என்றார். அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ வராததற்குத் தான் பஸ் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்று இந்த மனிதர் இத்தனை நாள் உள்ளுக்குள் வைத்திருந்திருக்கிறார் கண்ணு, எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நான் புதுச்சேலையில் மூக்கைச் சிந்தினேன்.

நேற்று முடிவு வந்துவிட்டது, ரயில் இனி நிரந்தரம். அப்பாவும் மாலை ரயிலுக்குத் தோதாக பஸ் நேரத்தை மாற்றி, ஸ்டேஷனிலிருந்து மேட்டுத் தெருக்களுக்கு ஆள் ஏற்றுகிறார். பஸ் நிறைந்த பிறகும் ரயிலில் வந்த கடைசி ஆள் ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிற வரைக்கும் எடுக்கமாட்டேன் என்கிறாராம், ஏறினவர்கள் திட்டுகிறார்களாம். கேட்டால் வியாபாரம் என்கிறார்.

ஆகவே இனி உனக்குச் சாக்கு இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை, நல்லபடியாக இரு, லீவு சொல்லிவிட்டுக் கிளம்பு. ஸ்டேஷனிலிருந்து நம் வீடு நடக்கிற தூரம்தான், ஆனால் நடந்து வந்துவிடாதே, அவர் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார். வாந்தி வந்தால் வரட்டும், அவர் சந்தோஷமாகக் கழுவிக்கொள்வார்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா