மணையில் வைத்த கத்தி

மச்சான்,

காலையிலிருந்து வீடெல்லாம் பூந்திக்கொட்டை வாசம். தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளை இடுப்பில் செருகிக்கொண்டு ஊர்வலம் வருவதற்காக, பெரிய வீட்டு வெள்ளிப்பிடிக் கத்தி மறுபடி இரவல் வந்திருக்கிறது. சித்தி அதைப் பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்குக் கை நீட்டினேன்.

"நீ தொடாத தாயி, நல்ல காரியம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளையாக மணையில் இருந்ததே அந்தக் கத்திதானே, மச்சான்.

பட்டாளத்துக்குக் கிளம்பும் முன் பனையடியில் எனக்கு நுங்கு சீவிக் கொடுத்தீர்கள். உங்கள் கத்திக்கு வெறும் வாகைப்பிடி. அது பிளக்காமலிருக்க, உடைந்த பித்தளைச் செம்பை வெட்டி நீங்களே பூண் போட்டிருந்தீர்கள். கோணல் பூண். ராசா வீட்டு வாளெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும் என்று கேலி செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு லீவு குடுக்கலேன்னா இதையே மணையில வைக்கச் சொல்லு. அடுத்தவுக வெள்ளி நமக்கு வேணாம்."

மாப்பிள்ளை வர முடியாவிட்டால் அவர் கத்தியை வைத்துத் தாலி கட்டுவது நம் வகையறா வழக்கம். லீவு கிடைக்கவில்லை. நீங்கள் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். நாலு சனம் கூடுமிடத்தில் மரப்பிடியை வைத்தால் தலை நிமிர முடியாது என்று, பெரிய வீட்டில் நின்று கேட்டு வாங்கி வந்தார். பிடி முழுக்க வெள்ளித் தகடு, நுனியில் சிங்கமுகம், கண்ணுக்குச் சிவப்புக் கல். வந்தவர்களெல்லாம் அதைத்தான் பார்த்தார்கள். அப்பா அன்றைக்கு நடந்த நடையே வேறு. உங்கள் அக்கா தாலி கட்டினாள். நான் பக்கத்திலிருந்த கத்தியைத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் சாயல் அதில் துளியும் இல்லை. சாயங்காலமே பெரிய வீட்டு ஆள் வந்து துணியில் சுற்றி எடுத்துப் போனான்.

பர்மாவிலிருந்து நீங்கள் வரவில்லை. தந்தி வந்தது. கட்டியபோது இல்லாத உங்களுக்காகத் தாலியை அறுத்தார்கள். உங்கள் கத்தியை மட்டும் அத்தை என்னிடம் கொடுத்தாள்.

இப்போது மேளச் சத்தம் தெருமுனைக்குப் போய்விட்டது. எல்லோரும் ஊர்வலத்தோடு போயிருக்கிறார்கள். உள்வீட்டில் மணைப்பலகையைப் போட்டு, உங்கள் கத்தியை எடுத்து வைத்தேன். உங்கள் கை பட்டுப் பட்டுப் பிடி ஓரிடத்தில் தேய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இன்றைக்குத்தான் மச்சான், உங்களோடு மணையில் உட்கார்ந்தேன்.