புது ஆயரம்மாவுக்கு என் பொன்னான ஆலோசனைகள்

ஜூலை 8, செவ்வாய்
வெயில். மொரப்பூர் ரோட்டில் அப்பளம் பொரிக்கலாம். வண்டிக்குப் பெட்ரோல், செயினுக்கு எண்ணெய். காரணம் உலக முக்கியத்துவம் வாய்ந்தது: என் அக்கா மகள் பெனிட்டா, எனக்கு என்றும் பாப்பா, நம் சபைக்கே புது ஆயராக வந்திருக்கிறாள். வயது இருபத்தேழு. நாளை முதல் வீடு சந்திப்பு. சாரதி நான். தலைமை ஆலோசகரும் நானே, யாரும் நியமிக்கவில்லை.

சாயங்காலம் உட்காரவைத்துச் சொன்னவை:
– பிரசங்கம் இருபது நிமிடம். தாண்டினால் ஊரில் எல்லார் வீட்டுக் குழம்பும் தீயும்.
– யார் வீட்டுக் கோழியையும் அழகு என்று சொல்லாதே. அடுத்த வேளை அது உன் தட்டில்.
– துக்க வீட்டில் வசனம் கம்மி. சும்மா பக்கத்தில் உட்கார்.
– ஜெபத்தில் அந்த வீட்டார் எல்லார் பேரையும் சொல். ஒன்று விட்டுப்போனால் ஏழு தலைமுறைப் பகை.

"இதெல்லாம் செமினரில சொல்லித்தரலையே மாமா."

"அங்க எபிரேயு சொல்லிக்குடுப்பாங்க கண்ணு. நம்மூர்ல எபிரேயு பேசற வூடு ஒண்ணுகூட இல்ல."

பேர்களை ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். மகா யோசனை. என்னுடையது.

ஜூலை 9, புதன்
தூறல். ஐந்து வீடு, ஐந்து காப்பி. வயிற்றுக்குள் ஒகேனக்கல். பேரன் பேத்தி ஒருத்தரையும் விடாமல் பாப்பா பேர் சொல்லி ஜெபித்ததில் ஓர் ஆத்தா அழுதேவிட்டார். என் மார்பு சட்டைக்குள் அடங்கவில்லை.

ஆறாவது, சபைச் செயலாளர் தேவசகாயம் வீடு. கண்ணை மூடி வரிசையாகச் சொன்னாள்: தேவசகாயம், மனைவி எஸ்தர், மகள் மேரி, மகன் சாமுவேல்.

சாமுவேல்! அப்பனோடு சண்டை போட்டு ஓசூர் போனவன். ஒன்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பேரை எடுக்கக் கூடாது. ஊருக்கே தெரியும். பாப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்; அவளிடம் சொல்ல மறந்தேன். யானை ஞாபகசக்தி எனக்கு.

பாதி ஜெபத்தில் செயலாளர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆமென் சொல்லி நாங்கள் வாசலுக்கு வந்ததும் அவர் சொன்னார்:

"ஆயரம்மா, எங்க வூட்டுக்கு இனி ஜெபம் வேண்டாங்க. ஞாயித்துக்கிழமையும் எங்கள எதிர்பாக்காதீங்க."

எஸ்தர் அக்கா கதவைப் பிடித்தபடி நின்றார்.

ஜூலை 10, வியாழன்
பால் சொசைட்டியில் பேச்சு.

"வந்து மூணு நாள் ஆகல, செயலாளர் குடும்பத்தயே வெளிய அனுப்பிட்டாங்களாம்."

"அந்த மாமன்காரர் சொல்லிக்குடுத்திருப்பாருய்யா."

இரண்டாவது ஆளுக்குத் தீர்க்கதரிசன வரம் உண்டு.

பாப்பா சாப்பிடவில்லை. முதல் வாரமே ஒரு குடும்பம் போச்சே மாமா என்கிறாள். என் ராஜதந்திரம்: "அது வேற வூட்டுச் சாமுவேல், பட்டியல்ல தப்பா ஏறிடுச்சுன்னு சொல்லிடு."

"பொய் சொல்லணுமா மாமா?"

"பொய்யில்ல கண்ணு. பொய்யோட ஒண்ணுவிட்ட தம்பி."

சிரித்தாள். அப்புறம் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு:

"அந்தப் பேரச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன். அவங்களக் கேக்காம சொன்னதுக்குக் கேக்கறேன்."

என் பொன்மொழிக் களஞ்சியத்தில் இந்த வித்தியாசம் எங்கும் கிடையாது.

ஜூலை 12, சனி
வண்டி பஞ்சர். நடந்தே செயலாளர் வீடு. பாப்பா என்னை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டாள். வாயைத் திறந்தால் வேறு ஊருக்கு மாற்றல் கேட்பாளாம். "உங்களக் கேக்காம சொல்லிட்டேங்கய்யா, மன்னிச்சுக்குங்க." அது மட்டும் கேட்டது. அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டே இருந்தார். பாப்பா திரும்பி வந்துவிட்டாள். வழியெல்லாம் நான் பேசவில்லை. சரித்திரத்தில் முதல் தடவை.

ஜூலை 13, ஞாயிறு
மேகமூட்டம். எஸ்தர் அக்கா மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தார். செயலாளர் கோயிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், வண்டியை விட்டு இறங்காமல். ஆராதனை முடிந்ததும் பாப்பா நேராக அவரிடம் போனாள். எட்டடி தள்ளி நான், காலில் இருக்கும் செருப்பைத் தேடிக்கொண்டு.

சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"பையன் நம்பருங்க. ரொம்ப வருசமா வெச்சிருக்கறேன், கூப்பிட்டதில்ல. இன்னும் அதே நம்பரான்னுகூட தெரியாதுங்க. நீங்க பேசிப் பாருங்க ஆயரம்மா. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."