தண்டடியில் நுரை

காக்கெத்தா, மழைக்காலம்

அன்பு மகன் எலியேசருக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் குதிரையும் நலம். சிலி நாட்டுத் துறைமுகக் குளிர் உன் நெஞ்சில் இறங்காதிருக்கட்டும். உன் கடிதத்தின் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். கன்னியர் மடத்தில் படித்தவளின் மகன் இப்படி எழுதலாமா? ஆனாலும் அது என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வரலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். அதற்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆற்றோரப் புல்வெளி.

என்னோடு கோபித்துக்கொண்டு புறப்படுமுன் நீ உன் கையால் நட்ட புல் அது. நீ விட்டுப்போனபடியே இருக்கட்டும் என்று ஒரு மாட்டையும் விடாமல் கம்பிக் கதவைப் பூட்டிவைத்தேன். இடுப்பளவு வளர்ந்து காற்றில் அலையடித்தது. பூசைக்குப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எனக்குப் பெருமைதான்.

இந்த மழையில் நடுவே மஞ்சள் திட்டுகள் விழுந்து, நெருப்புப் பட்டதுபோல் காய்ந்தன. குனிந்து விலக்கிப் பார்த்தால் தண்டுகளின் அடியில், யாரோ துப்பி வைத்ததுபோல் வெள்ளை நுரை. அதற்குள் இளம்பூச்சிகள் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

பக்கத்துப் பண்ணைக்காரர் தோன் கிரிசாந்தோ வந்து பார்த்தார். "தோன்யா எர்சிலியாம்மா, நீங்க புல் வளர்க்கல, பூச்சிக்குப் பந்தல் போட்டு வச்சிருக்கீங்க. மாட்டை விட்டு ஒட்ட மேய விடுங்க. தரையில வெயில் பட்டா நுரை காஞ்சு இதுங்க செத்துடும்" என்றார். என் மகன் வந்து பார்க்கும்வரை எந்த மாடும் வாய் வைக்காது என்றேன். "மாடு திங்கத்தானேம்மா நட்டான்? சட்டம் போட்டு சுவத்துல மாட்டவா?" என்று சிரித்தார். காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

வாரம் முடிவதற்குள் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. நானே போய்ப் பூட்டைத் திறந்தேன். அவ்வளவு புல்லை மேய நம் மாடுகள் போதாது. தோன் கிரிசாந்தோவிடம் அவருடைய மந்தையைக் கேட்டேன். கேட்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியும். "காஞ்ச புல்லு என் மாடுங்களுக்குப் பழைய ரொட்டி மாதிரி. ஆனா முணுமுணுக்காம திங்கும், வீட்ல என்னை மாதிரி" என்றார். அன்று காபி கொடுத்தேன், சீஸும் வைத்தேன்.

இப்போது அந்த வெளி மொட்டையாக, குளம்புத் தடங்களோடு, பார்க்க அசிங்கமாக இருக்கிறது. ஆற்றுப் பக்கம் புல் அடியோடு செத்துவிட்டது. அங்கே இந்தப் பூச்சிக்குத் தாக்குப்பிடிக்கிற வேறு புல் நட வேண்டும். நடுவதற்கு என் முதுகு இடம் தராது. மற்ற இடங்களில் வேரிலிருந்து பச்சை முளைத்திருக்கிறது. நேற்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன், நுரை இல்லை.

நீ விட்டுப்போனபடி அது இல்லை, மகனே. நானும் இல்லை.

மாதா உன்னைக் காப்பாளாக. வரும்போது அந்நியன்போலக் கதவருகே நின்று குரல் கொடுத்துக் காத்திருக்காதே. பூட்டை நான் மறுபடி போடவில்லை.

ஆசிகளுடன்,
உன் அம்மா
எர்சிலியா