பென்சில்வேனியாவுக்காக நீ ஏற்றிய மெழுகுதிரி

காலையிலிருந்து எதிரே உன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மெத்தை வெயிலில் கிடக்கிறது. பாச்சை உருண்டை வாசனை தெருவைத் தாண்டி என் வாசல் வரை வருகிறது. இலவம்பஞ்சு மெத்தை, யாரும் படுக்காதது. நீ அதை வாங்கிய கதை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். "செத்த நேரம் உக்காருங்களேன், கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்கிறாள் என் மனைவி. உட்கார்ந்தால் எழுதத்தான் தோன்றுகிறது. உனக்கு எழுதுகிறேன்.

உன் மகள் செலின் வந்துவிட்டாள். புருஷனும் பையனுமாக, பெட்டி படுக்கையோடு. லீவுக்கு இல்லை, இனி இந்த ஊர்தானாம்.

உனக்கு நினைவிருக்கும், கொரோனா வருஷத்து அமெரிக்கத் தேர்தல். செலின் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, பென்சில்வேனியா மாநிலத்தில் முதல் ஓட்டைத் தபாலில் போட்டிருந்தாள். ஆட்சியில் இருந்தவர்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம். "இந்தத் தடவையும் எங்க மாநிலம் அவரு பக்கம் சாஞ்சா, மூட்டையக் கட்டிட்டு ஊருக்கே வந்துருவோம்ப்பா" என்று போனில் சொன்னாள். கோபத்தில் யாரும் சொல்வதுதான். உன் மனைவி போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டு கிடந்த நீ, அதை அப்படியே பிடித்துக்கொண்டாய்.

அங்கே ஓட்டுப்பதிவு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் நாள். சாயங்காலம் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாய். வண்டியில் உன்னை ஏற்றிக்கொண்டே, "என்னலே, மக ஆளு ஜெயிக்கணும்னு வேண்டுனியா?" என்று கேட்டேன். பேகம்பூர் தாண்டியதும்தான் முதுகுக்குப் பின்னால் இருந்து, "மக வரணும்னு வேண்டுனேன்" என்றாய். எனக்கு வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பெற்ற மகளின் ஓட்டு தோற்க வேண்டும் என்று அந்தோணியாரிடமே போய்க் கேட்டவன் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய்.

மறுநாள் காலை முதல் உன் டிவி முன்னால் இருந்தோம். அந்த மாநிலத்தில் ஆட்சியில் இருந்தவர் நன்றாக முந்திக்கொண்டிருந்தார். தபால் ஓட்டு இன்னும் பாக்கி என்று டிவிக்காரன் சொன்னதற்கு நீ சிரித்தாய். "இவனுக்கு என்னலே தெரியும்? தபால் ஓட்டு எண்ணாம மெஷினத் தொடுவானா எவனாச்சும்?" நானும் தலையாட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வேன்? பள்ளிக்கூடத்து வாத்தியார்களாக நாம் இருவரும் எத்தனை தேர்தலில் எண்ணிக்கை மேசையில் உட்கார்ந்தோம்! காலையில் முதல் வேலையே தபால் உறைகளைப் பிரிப்பதுதானே. உலகம் முழுக்க நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரியே எண்ணுவார்கள் என்று நம்பிவிட்டோம்.

அன்று மத்தியானமே வெள்ளையடிக்க ஆளைக் கூப்பிட்டாய். மாடி அறைக்கு நீலம் அடித்தாய், அவளுக்குப் பிடிக்கும் என்று. மறுநாள் மெத்தை வந்தது. "பேரன் மேல இருந்து விழுந்துருவான், மாடிப்படிக்கு ஒரு கதவு போடணும்" என்று என்னைத் தச்சரிடம் விரட்டினாய். மாஸ்க்குக்கு உள்ளேயே சிரித்துக்கொண்டு திரிந்தாய். நிலக்கோட்டையில் இருந்து பூ கொண்டுவருகிற வேன்காரனிடம்கூட, "மக வாரா" என்று சொல்லிவிட்டாய். அவள் வருவதாக எங்கே சொன்னாள்?

அந்த மாநிலத்தில் தபால் ஓட்டைத் தேர்தல் நாளுக்கு முன்னால் பிரிக்கவே கூடாதாம். மலை மலையாகக் கிடந்த உறைகளை நிதானமாகப் பிரித்துப் பிரித்து எண்ணினார்கள். வித்தியாசம் தேய்ந்துகொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை உன் மகளின் ஆள் முந்திவிட்டார். நீ டிவியை அணைத்தாய், திரும்பப் போட்டாய், சத்தத்தைக் குறைத்தாய், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் சரியில்லை என்று சாப்பாட்டைத் தள்ளினாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நீ செருப்பைக் கழற்றுவதற்குள் செலின் வீடியோவில் வந்தாள். பின்னால் காரெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "அப்பா! எங்க மாநிலம்தான்ப்பா ஜெயிக்க வச்சுச்சு! என் ஓட்டும் அதுல இருக்கு!" என்று குதித்தாள். நீ சிரித்தாய். "ரொம்ப சந்தோசம் மகளே. அந்தோணியாரு கைவிடல" என்றாய். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய் அந்த அறையைப் பூட்டினாய். "வெயில்ல பெயிண்ட் மங்கிரும்" என்று நான் கேட்காமலே காரணம் சொன்னாய்.

அடுத்த கோடையில் கொரோனா உன்னையும் கொண்டுபோனது. விமானம் கிடைக்காமல் செலின் உன்னைப் போனில்தான் பார்த்தாள். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். உன் முகம் அவளுக்குச் சரியாகத் தெரிந்ததோ இல்லையோ, இன்றுவரை கேட்கத் துணிவில்லை.

போன தேர்தலில் அதே மாநிலம், அன்று தோற்றவர் பக்கமே சாய்ந்தது. நீ வேண்டியது, நாலு வருஷம் தாமதமாக! அன்றைக்கு டிவி முன்னால் உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

இதுவரை எழுதிக்கொண்டிருக்கும்போதே, மெத்தையைத் தட்டிப் போட்டுவிட்டு செலினே இங்கே வந்தாள். "மாமா, மாடி ரூமு எனக்குப் பிடிச்ச நீலத்துல இருக்கு. அப்பா எதுக்கு அடிச்சாரு?" என்று கேட்டாள். மழுப்பத்தான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை. வேண்டுதல், தபால் ஓட்டு, பூட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ கோபப்பட்டால் படு.

முதலில் சிரித்தாள். "ரெண்டு வாத்தியாரும் சேர்ந்து தபால் ஓட்டுல கோட்டை விட்டீங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அழுகையாகிவிட்டது. என் மனைவி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். தேர்தல்தான் இப்போது அவளைக் கொண்டுவந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"யாரு ஜெயிச்சா என்ன மாமா? வாடின்னு அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அப்பவே வந்திருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். உனக்கு வரவேண்டிய பதில் அது. நீ கேட்காததால் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் எங்கேதான் உட்காருவது, சொல்.