ஒலிக்காத ஐந்து குழாய்கள்

ஓம் என்ரை அப்பா, காற்று வருகிறது. துருத்தியில் ஓட்டை இல்லை. ஐந்து சுரங்களுக்குத்தான் சத்தம் வரவில்லை.

எங்கள் மாதா கோயிலின் குழாய் வாத்தியத்தை, அந்த ஓர்கனை, நேற்றுத் திருத்துவதற்காகத் திறந்தார்கள். ஞாயிறுதோறும் நீங்கள் பின்னால் நின்று பிடியை அமுக்கிக் காற்றேற்றிய அதே ஓர்கன். உள்ளே என்ன இருக்கிறதென்று நான் ஏன் உங்களிடம் கேட்கவே இல்லை?

வாசிக்கிற கட்டையை அழுத்தினால் ஒரு மெல்லிய மரச்சட்டம் இழுபடுகிறது. அது காற்றுப்பெட்டியில் ஒரு சின்னக் கதவைத் திறக்கிறது. கதவுக்கு மேலே குழாய். அவ்வளவுதான். முன்னால் பளபளக்கிற பெரிய குழாய்கள் வெறும் அலங்காரமாம். அவற்றைப் பார்த்துத்தான் இத்தனை வருடம் பாடினேன்.

பின்வரிசையில் குழாய் நிற்கவேண்டிய ஐந்து துளைகள் வெறுமையாக இருந்தன.

"முன்பல்லெல்லாம் இருக்குத் தங்கச்சி," என்றார் திருத்த வந்தவர். "கடைவாய்ப்பல்லைத்தான் ஆரோ பிடுங்கிப்போட்டினம்."

யாரென்று ஊருக்குத் தெரியும். மணியடிக்கிற அந்தோனி மாமா. போரில் ஊர் இடம்பெயர்ந்த காலத்தில் கோயில் சாவி அவரிடம் இருந்தது. சனம் திரும்பி வந்து, சில குழாய்களைக் காணவில்லை என்று அறிந்த நாளிலிருந்து அவர் 'குழாய் அந்தோனி'.

"அதுகள் என்ன உலோகம்?" என்று கேட்டேன்.

"ஈயமும் வெள்ளீயமும். ஒவ்வொண்டிலையும் சுரத்தின்ரை இங்கிலீசு எழுத்துக் கீறியிருக்கும்."

ஈயம். வலைக்குப் பாரமாய்க் கட்டுவதும் அதுதானே. வீட்டுக்கு வந்து உங்கள் பழைய மீன்வலையை இழுத்தெடுத்தேன்.

"செத்த மனுசன்ரை வலையை ஏனடி கிண்டுறாய்?" அம்மா கத்தினா.

அடிக்கயிற்றில் பாரத்துக்குச் சுருட்டிய ஈயத் தகடுகள். கடையில் ஈயமே கிடைக்காத காலத்தில் நீங்கள் கட்டிய வலை. ஒவ்வொன்றாக விரித்தேன். ஏழாவதில் ஓர் ஆங்கில எழுத்துக் கீறியிருந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தா. "அந்த வலையாலைதான் பிள்ளையள் நீங்கள் மூண்டு பேரும் சாப்பிட்டனீங்கள்," என்றா. அம்மாவுக்கு இது முதலே தெரியுமா என்று கேட்டேன். அடுப்படிக்குப் போய்விட்டா.

அப்பா, முன்னால் நிற்பவைதான் பாடுகின்றன, உள்ளே இருப்பவை தேவையில்லாத மிச்சம் என்று நினைத்தீர்களா? பிறகு, பாட்டில் அந்த இடம் வரும்போது சுரம் வராது. உங்கள் கை ஒரு கணம் நின்றதா? பக்கத்தில் மணிக்கயிற்றோடு அந்தோனி மாமா நின்றிருப்பாரே. அவரைப் பார்த்தீர்களா?

ஈயத்தை உருக்கித் திரும்பவும் குழாய் செய்யலாமாம். அது நடக்கும். அந்தோனி மாமாவுக்கு வந்த பெயர்?

உங்களை யாரும் கள்ளன் என்று சொல்லமாட்டார்கள் என்று வாக்குத் தர என்னால் முடியாது. ஆனால் நடந்ததை நான் ஊருக்குச் சொல்லும்போது எங்கள் பசியையும் சேர்த்தே சொல்வேன். அதுதான் என் வாக்கு.

உங்கடை மூத்தவள்

இதை எழுதிவிட்டு, தகடுகளைப் பையில் போட்டுக்கொண்டு அந்தோனி மாமா வீட்டுக்குப் புறப்பட்டேன். அம்மாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தா.